குத்பா நேரத்துத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியாகக் கொஞ்ச நேரமிருந்தது. துறைமேடைப் பைப்பிலிருந்து இழுத்துவந்த இறப்பர் குழாயை நளீர் படகின் பின்பக்கத்துத் தண்ணீர் வாய்க்குள் சொருகி, கிளிப்பை முறுக்கினார். இனிக் கரைத் தண்ணீர் நேரே படகின் குசினிக்கும் கக்கூசுக்கும் போகும். மூன்று கிழமை உப்பில் கிடந்து வந்த படகுக்கு இதைவிட என்ன பெருநாள் வேண்டும்? பைப்பைத் திறந்தார். தண்ணீர் நூலாக வந்தது. ஊர் முழுக்கத் தொழுகைக்கு வுழூ செய்து கை கால் கழுவுகிற நேரம், வருவதே பெரிய காரியம்.

"தண்ணிட வேகத்தக் குறைக்க ஒரு பித்தளைக் கட்டை பூட்டுவீங்களே காக்கா, அது எங்க?" என்றான் படகோட்டி றிஸ்வான்.

"அது பாசி புடிச்சு இறுகிப் போச்சு. இந்தத் தண்ணிக்கு அது என்னத்துக்கு?"

"அப்ப பைப்ப மூடிட்டுப் போவமா?"

"கிடக்கட்டும். சட்டி பானை கழுவ வேணுமெலா."

யார் கழுவுவது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்கள்.

இருபத்தேழு வருடப் பழக்கம் அது. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போக, படகில் அழகரெத்தினம் இருப்பான். பெரியநீலாவணைக்காரன், படகின் சமையல்காரன். கவிழ்த்த நீலக் கேன் ஒன்றில் குந்திக்கொண்டு சட்டிகளைத் தேய்ப்பான். இந்தக் குழாயெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்புதான் வந்தது. அதுவரை அவனும் நளீரும் கழியில் கேனைக் கொழுவி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்து, மணலில் கால் புதையத் தண்ணீர் சுமந்தார்கள். நளீர் நெட்டை. கேன் சறுக்கிச் சறுக்கி அழகரெத்தினத்தின் பக்கமே போகும். "உயரம் உனக்கு, பாரம் எனக்கு. நல்ல பங்கு மச்சான்" என்பான். குழாய் பூட்டிய அன்று எல்லோரும் சந்தோஷப்பட, அவன் மட்டும், "இனி நாம ரெண்டு பேரும் எப்ப கதைக்கிற?" என்று கேட்டான். நளீர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

போன ஆடியில் அழகரெத்தினம் நெஞ்சு வலியில் போய்விட்டான். அதன்பிறகு படகு வெள்ளிக்கிழமையில் கரையில் நிற்பது இதுதான் முதல் தடவை.

பள்ளியில் இரண்டாம் பாங்கு முடிந்து மௌலவி குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஸலவாத்து வரைக்கும் நளீர் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதோ அழகரெத்தினம் சொன்னது அவன் குரலிலேயே காதில் விழுந்தது.

"உங்கட மௌலவி கதைக்கத் தொடங்கினாத்தான் மச்சான் பைப்புக்கு உசிர் வருது. ஆம்பிளையள் பள்ளிக்குள்ள, பொம்பிளையள் சோத்த மூடி வெச்சிட்டு இரிக்காங்க. ஊரில தண்ணிய ஆரு தொடுற? அவ்வளவும் இங்கதான் பாயுது. நான் எழும்பிக் குறைக்காட்டிப் படகுக்குள்ள குழாய் கழண்டிரும்."

படகில் ஆளில்லை. கட்டையும் இல்லை. மனைவி ஸைனம்புவின் மாவடிப்பள்ளி வயலை விற்று வாங்கிய படகு. கடலில் எத்தனை புயலுக்குத் தப்பியது, கட்டிய இடத்தில் குடிக்கிற தண்ணீரில் தாழப்போகிறது.

குத்பாவின் நடுவில் எழும்பினார். குந்தியிருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தார். பாவம், வயிறு சரியில்லையாக்கும் என்று ஊர் நினைத்திருக்கும். செருப்பைத் தேட நேரமில்லை. சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில், கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினார்.

நூலாக வந்த தண்ணீரில் தளர்ந்து கிடந்த குழாய் இப்போது விறைத்து நின்றது. பைப்பை மூடிவிட்டுப் படகுக்குள் குதித்தார். குசினித் தொட்டிக்குக் கீழே மூட்டுக் கழன்றிருந்தது. அடித்தளப் பலகைகள் மிதந்தன. முழங்காலளவு தண்ணீர், இயந்திரத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இறைக்கிற மோட்டாரைப் போட்டார். அது இருமி இருமி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் அழுகை வந்தது. செத்த வீட்டில்கூட வராத அழுகை.

மோட்டாரை விட்டுவிட்டுப் போக முடியாது. ஜும்ஆ தவறினால் ழுஹரைப் பிறகு தொழலாம். நீலக் கேன் மூலையில் மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து மேல்தட்டில் குந்தினார்.

ஒலிபெருக்கியில் மௌலவியின் பேச்சு ஒரு சொல் விடாமல் கேட்டது. இவ்வளவு தெளிவாகக் கேட்குமென்று நளீருக்குத் தெரியாது. அழகரெத்தினம் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. பிறகு தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில், பள்ளி முழுக்கச் சேர்ந்து சொன்ன ஆமீன், ஒலிபெருக்கியில்லாமலே, தண்ணீருக்கு மேலால் வந்து படகில் மோதியது. அவர் எப்போதும் அந்தச் சத்தத்துக்கு உள்ளேதான் இருந்திருக்கிறார்.

நளீர் எழும்பி, படகின் தண்ணீர் வாயிலிருந்த குழாயைக் கழற்றித் தட்டுக்கு இழுத்துப் போட்டார். பைப்பைப் போய் நூலளவுக்குத் திறந்தார். அடிப்பிடித்த சோற்றுச் சட்டியை மடிக்கு இழுத்து, தொழுகையின் இரண்டாவது ஆமீன் வரும்வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார்.