விட்ட கை

பிழைதிருத்துகிறவளின் வலது கை ஒன்பது வருடங்களாகத் திறக்கவில்லை. அதே ஒன்பது வருடங்களாக அவளுடைய தங்கைக்குக் காய்ச்சல் விடவில்லை. இரண்டும் ஒரே மத்தியானத்தில் தொடங்கியவை. படகுத்துறையில் டிக்கெட் வாங்கப் போன அக்கா, ஆறு வயது மகளின் கையைத் தங்கையிடம் கொடுத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வருவதற்குள் கூட்டம் நெரித்து, ஏறுபலகை சரிந்து, பதினோரு பேர் தண்ணீருக்குள் போனார்கள். பத்துப் பேர் கரையேறினார்கள். தங்கையும் ஏறினாள், வெறுங்கையோடு. வழுக்கிவிட்டது என்றாள். அக்கா வலது கையை இறுக மூடினாள். அன்று சாயங்காலம் அந்தக் கைக்குள் நான்கு சின்ன விரல்கள் வெதுவெதுப்பாக வந்து உட்கார்ந்துகொண்டன.

அதற்குப் பிறகு எந்தத் தாய்க்குக் கையைத் திறக்க மனசு வரும்? இடது கையால் எழுதப் பழகினாள். கையெழுத்து முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று அச்சகத்தில் சொன்னார்கள். நான்கு தெரு தள்ளி, தங்கை வீட்டில் முதல் வருடமே மூன்று தெர்மாமீட்டர்கள் வெடித்தன. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் அவள் கட்டிலைச் சுற்றிக் கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தினார்கள். கேட்டால், நோயாளிக்குப் பேச்சுத்துணை என்றார்கள். அக்கா மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது வருடம் புதிய ஏற்பாட்டின் புது மொழிபெயர்ப்பு அச்சுக்கு வந்தது. மொழிபெயர்த்தவரைக் கிரேக்க வாத்தியார் என்பார்கள். பதில் சொல்லத் திணறினால் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் மனிதர். ஒரு மூலச்சொல்லுக்குக் கூடியவரை ஒரே தமிழ்ச்சொல் என்பது ஏற்பாடு. அதைச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்த வியாழக்கிழமை தங்கையின் கணவன் அச்சக வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, டாக்டர் சனிக்கிழமையைத் தாண்டாதுன்னுட்டார். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"வேலை இருக்கு," என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேலை இருந்தது உண்மைதான். 'விடுதல்' என்று பொருள்படும் அஃபியேமி என்ற கிரேக்கச் சொல்லுக்கு வந்திருந்தாள். மீனவர்கள் வலைகளை விட்டுப் போனார்கள். பேதுருவின் மாமியாரைக் காய்ச்சல் விட்டது. சிலுவையில் அவர் உயிரை விட்டார். எல்லா இடத்திலும் விட்டது, விட்டார் என்று ஒழுங்காக வந்த சொல், அவர் கற்றுத் தந்த ஜெபத்தில் மட்டும் 'மன்னியும்' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை வாத்தியாரைப் பிடித்தாள்.

"இங்க மட்டும் ஏன் வேற வார்த்தை?"

"எங்கள் பாவங்களை விட்டுவிடும்னு போட்டா பைபிள் கமிட்டி என்னைக் கடிச்சுத் தின்னுடும்மா. ஆனா சொல் ஒண்ணுதான்."

"ஒருத்தி ஒரு பிள்ளையோட கையை விட்டா. அது?"

ஊரில் யாருக்குத்தான் அந்தக் கதை தெரியாது? வாத்தியார் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டார், வெகுநேரம் கழித்து எடுத்து மாட்டினார். "அதுக்கும் அதே சொல்லைப் போடலாம்மா," என்றார்.

அவள் கையிலிருந்த பென்சில் இரண்டாக முறிந்தது. பாதகத்துக்கும் அதே சொல், அதை மன்னிக்கவும் அதே சொல் என்றால், அந்தக் கிரேக்கர்களுக்கு வேறு சொல்லே அகப்படவில்லையா? வாத்தியாரையும் அவர் கமிட்டியையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே, சனிக்கிழமை காலை அந்த நான்கு தெருவையும் நடந்தாள். தங்கை வீட்டுக்கு முன்னால் தார் இளகிக் கிடந்தது. அறைக்குள் சுவர்ப் பூச்சு கொப்புளம் விட்டிருந்தது. கட்டிலருகே தம்ளரில் இருந்த தண்ணீர் அடுப்பில்லாமலே கொதித்துக்கொண்டிருந்தது.

தங்கை கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"வழுக்கலைக்கா. விட்டுட்டேன். படகுக் கம்பியைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்னு... நானாத்தான் விட்டுட்டேன்."

அவள் கணவன் பிழிந்துகொண்டிருந்த துணி அப்படியே நின்றது. அக்கா எழுந்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மூடிய கையின் விரல் முட்டிகள் வெளுத்துப் போயின. வாசல்படி வரை போய்விட்டாள். அப்போதுதான் கைக்குள் இருந்த விரல்கள் நெளிந்தன. இறுக்கினாள், இன்னும் நெளிந்தன, விளையாடப் போகத் துடிக்கும் பிள்ளையின் விரல்களைப் போல. "இருடி, கொஞ்சம் இருடி," என்று கையைப் பார்த்து அழுதாள். ஒன்பது வருடத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பின்னால் தம்ளர் தண்ணீர் சுண்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, மூடிய கையைத் தங்கையின் நெற்றியில் வைத்தாள். தோல் பொசுங்கியது, எடுக்கவில்லை.

"விட்டுட்டேன் போ," என்றாள்.

மூடியிருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில் நகத் தழும்புகளைத் தவிர ஒன்றுமில்லை. தம்ளரில் கொதிப்பு அடங்கியது. காய்ச்சல், மழை விடுகிற மாதிரி, சொல்லிக்கொள்ளாமல் விட்டது. தங்கை பசிக்கிறது என்றாள்.

கமிட்டி 'மன்னியும்' என்பதையே வைத்துக்கொண்டது. அவளும் அதில் திருத்தக் குறி போடவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து போகும்போது அவளுடைய வலது கை திறந்து, பக்கவாட்டில் ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு நீண்டிருந்ததைத் தெருவே பார்த்தது. வருடத்துக்கு வருடம் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. குறுகலான சந்துகளில் எதிரே வருகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கி, இரண்டு பேருக்கு வழி விட்டார்கள்.