வளைவின் தோளில் ஒரு வீடு

அந்தக் கல் பாலத்துக்கு முந்நூறு வயதுக்கு மேல் இருக்கும். கரையோர வளைவின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த சுங்க வீட்டுக்கு அதில் பாதிகூட இல்லை. வண்டிகளிடம் வரி வசூலிக்கப் பிற்காலத்தில் கட்டியது. பிறகு வரி ஒழிந்தது. வீட்டைக் கடைசியாகப் பார்த்துக்கொண்ட காவல்காரரும் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி மட்டும் அங்கேயே இருந்தாள்.

பாலத்தைப் பழைய தோற்றத்துக்கே கொண்டுவர நகராட்சி முடிவு செய்தது. முதலில் இடிக்க வேண்டியது அவள் வீடு.

"அப்ப பாலத்தோட சரித்திரத்துல நாங்க சேர்த்தி இல்லையா தம்பி?" என்று இன்ஜினியரிடம் கேட்டாள்.

"பழைய படத்துல இந்த வீடு இல்லையேம்மா."

"வரைஞ்சவன் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டான்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

ஊர்க்கோடி அடுக்குமாடியில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். இங்கேயும் யாரும் நின்று பேசுவதில்லைதான். ஆனாலும் நாள் முழுக்க ஜன்னலை ஒட்டி ஆட்கள் போவார்கள், இருமுவார்கள், போனில் சண்டை போடுவார்கள். அவளுக்கு அது போதும்.

கூரையைப் பிரித்து, மாடிச் சுவரை இறக்கினார்கள். மூட்டையைக் கட்டி மடியில் வைத்தபடி அவள் எதிர்க் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதியம் வளைவின் அடியிலிருந்து மேஸ்திரி கத்தினார்: "நிறுத்துங்கடா! கல்லு விலகுது!"

இன்ஜினியர் ஓடிப்போய்ப் பார்த்தார். ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"தப்புக் கணக்குப் போட்டுட்டேன். இத்தனை வருஷமா இந்த வீட்டுப் பாரம்தான் வளைவை அமுக்கிப் பிடிச்சிருக்கு. எடுத்தா இந்தப் பக்கம் எம்பும், நடு உச்சி இறங்கிடும்."

"அப்ப வீடு இருக்கும்?"

"இருந்தே ஆகணும்மா."

அவள் மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள்.

"அவிழ்க்காதீங்கம்மா." அவர் தரையைப் பார்த்தார். "இறக்கின பாரத்தை ஈடு கட்டணும். கீழ் அறை முழுக்கக் கல்லை நிரப்பப் போறோம்."

"நானும் கொஞ்சம் கனம்தான் தம்பி. பத்தாதா?"

இந்த முறை இன்ஜினியரும் சிரித்துவிட்டார்.

மாலைக்குள் கல் வண்டி வந்தது. ஆட்கள் வரிசையாக நின்று, ஜன்னல் வழியே கல்லைக் கைமாற்றத் தயாரானார்கள்.

"உள்ள ஏதாவது சாமான் இருக்காக்கா?" என்றார் மேஸ்திரி.

"கட்டில் இருக்கு," என்றாள் அவள். "இருக்கட்டும். அதுவும் பாரம்தானே."