பிப் கைமாறும் இடம்

என் தம்பிக்குப் பட்டப்பெயர் குண்டூசி. ஆளும் அப்படித்தான், ஒல்லி, சீண்டினால் குத்துவான். போன வருடம் ஒரு ஃபுட்சால் ஆட்டத்தில், அதாவது அணிக்கு ஐந்து பேர் ஆடும் சின்னக் களக் கால்பந்தில், உள்ளே இருந்தவன் வெளியே வருமுன்பே களத்துக்குள் குதித்தான். அன்று மூன்றாவது நடுவராக மேசையில் இருந்தது நான். நான்தான் காட்டிக் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்க வைத்தேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பெத்த வயிறு எரியுதுடி என்றாள் அம்மா. எரியட்டும் என்றேன். விதி விதிதான்.

இந்த ஆட்டத்தில் ஆள் மாற யாரையும் கேட்க வேண்டாம். ஆட்டம் ஓடும்போதே எத்தனை தடவையும் மாறலாம். ஆனால் தன் அணியின் பெஞ்சுக்கு எதிரே குறித்திருக்கும் இடத்தில்தான் மாற வேண்டும். காத்திருப்பவன் போட்டிருக்கும் கையில்லாத மேல்சட்டையைப் பிப் என்போம். அதைக் கழற்றி, வெளியே வருகிறவன் கையில் கொடுத்த பிறகே உள்ளே கால் வைக்கலாம். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பெஞ்சை மாற்றிக்கொள்ளும். ஆள் வராமல் பிப்பைக் கொடுக்காதே என்று சோறு தின்னும்போதுகூட அவனை நச்சரித்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு, ஆறு நிமிடம் மீதி. பந்தைத் துரத்திப் போன குண்டூசி, கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். சத்தம் என் மேசைவரை கேட்டது. ரத்தம் இல்லை, உடனே எழுந்து சிரித்தான். நடுவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. காயம் என்று அனுப்பியிருந்தால், அவர் தலையசைக்காமல் திரும்ப முடியாது. இவனோ எல்லோரையும் போல மாறி வெளியே வந்தான். அணியிலிருந்த எலக்ட்ரீஷியன் பிப்பை நீட்டினான். தம்பியின் கை நான்கு விரல் தள்ளி வெறுங்காற்றைப் பிடித்தது. இரண்டாம் தடவைதான் பிப் சிக்கியது. வியர்வை கண்ணில் இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் பெஞ்சிலிருந்து எழுந்தான். என் மேசையைத் தாண்டி எதிரணிப் பக்கம் போனான். கோட்டருகே நின்று, பிப்பைக் கழற்றி நீட்டினான். முதல் பாதியில்தான் அது அவன் இடம். கூட்டம் சிரித்தது. எங்க பக்கம் சேர்ந்துக்கிறியா என்று எதிரணியினர் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தன் இடத்தைத் தப்பாமல் சொல்கிறவன் அவன்.

விதிப்படி, அவன் உள்ளே நுழைந்த பிறகுதான் எனக்கு வேலை. நுழைந்து தலையில் இன்னொரு இடி வாங்கினால் அவ்வளவுதான். விதியாவது மண்ணாங்கட்டியாவது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் பஸரை அழுத்திவிட்டு ஓடிப்போய் அவன் பனியனைப் பிடித்தேன். நடுவர் விசிலடித்த பிறகு, எலக்ட்ரீஷியன் அடித்த பந்து வலைக்குள் போனது. கோல் செல்லாது. தம்பி அணியின் மேலாளர் பேக்கரிக்காரர். போன வருஷக் கோபம் இன்னும் தீரலையா என்று கத்திக்கொண்டே வந்தார். கத்தட்டும். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தன நிமிஷம் ஆச்சுடா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே அக்கா" என்றான்.

தம்பி என் காலடியில் வாந்தியெடுத்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவர் அவன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தலைக்குள் ரத்தம் கசிகிற மாதிரி இருக்கிறது, சீக்கிரம் போகணும் என்று ஓட்டுநரிடம் சொன்னார். அம்மாவுக்குப் போன் போடக்கூட விரல் வரவில்லை. குண்டூசி பிப்பை இறுக்கிப் பிடித்திருந்தான். ஊசி போட அந்தக் கை வேண்டுமென்று அவர் இழுத்துப் பார்த்தார்.

"ஆள் இன்னும் வெளிய வரல. அக்கா திட்டுவா" என்று முனகினான்.

அவர் மறுகையில் ஊசி போட்டார். கொஞ்ச தூரத்தில் தம்பியின் விரல்கள் தாமாகத் திறந்தன. பிப் கீழே விழுந்தது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து, என் இரண்டு கைகளாலும் மூடினேன்.

"யாரும் வெளிய வரலடா. குடுத்துடாத, புடிச்சுக்க. நீ இன்னும் ஆடணும்."

அவன் விரல்களில் பிடிமானம் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை நான்தான் பிடித்திருந்தேன்.