குழாயடியில் வேர்க்கட்டு

பள்ளிவாசல் நிலத்தின் குத்தகை டிசம்பர் கடைசியோடு முடிகிறது என்று கடிதம் வந்தது. அப்பா என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு அதை மடித்து ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "சரி, வேர் வாங்கணும்" என்றார்.

எங்கள் பக்கத்து நிலமெல்லாம் இந்தத் தீவின் பூர்வகுடிகளான வுனிதோங்கோ கிராமத்து வகையறாவுக்குச் சொந்தம். நாங்கள் கரும்பு போடுவதும் வீடு கட்டுவதும் அவர்களிடம் வாங்கிய குத்தகையில்தான். பள்ளிவாசலும், அதன் பின்னால் நாங்கள் இருக்கும் தகர வீடும் அப்படித்தான். காகிதம் கொடுப்பது லவுட்டோகாவில் இருக்கும் அலுவலகம். ஆனால் வகையறா சம்மதிக்காமல் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். வகையறாவுக்குப் பெரியவர் சகேயாசி மோமோ. சின்ன வயதிலிருந்து நான் அவரை மாமா முறையில் மோமோ என்றுதான் கூப்பிடுகிறேன். அவரிடம் எதைக் கேட்கப் போனாலும் அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரை ஒரு கட்டு இரண்டு கையாலும் அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் அதைத் தொட்டு, கைகளைக் குழித்து மூன்று முறை தட்டிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். வேரை வைக்காதவன் எவ்வளவு பேசினாலும் இன்னும் எதையும் கேட்கவில்லை என்றுதான் கணக்கு.

அப்பா இருபத்தாறு வருடமாக இங்கே மோதினார். பாங்கு சொல்வார், கூட்டுவார், தொட்டி கழுவுவார். பள்ளிவாசல் கமிட்டியின் பழைய தலைவர் காதிர் சாச்சா இருந்தவரை, கபர்ஸ்தானுக்கு வேலி போடுவதானாலும் தண்ணீர்த் தொட்டி கட்டுவதானாலும் இரண்டு பேரும் சந்தையில் நல்ல வேராகப் பொறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி எடுத்துப் போவார்கள். கிராமத்துக்காரர்கள் ஒருமுறையும் இல்லை என்று சொன்னதில்லை. புயல் வந்தால் அவர்களுடைய பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் காற்றுக்குப் பறக்காத கூரை அது ஒன்றுதான். பெருநாளன்று அம்மா சேமியாச் சட்டியை முதலில் சகேயாசி மோமோ வீட்டுக்குத்தான் அனுப்புவார்.

காதிர் சாச்சா இறந்து, ஷம்ஷாத் அலி தலைவரானார். ஆக்லாந்தில் பதினைந்து வருடம் இருந்து திரும்பியவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மின்விசிறி எல்லாம் அவர் போட்டதுதான். புதிதாக வந்த மௌலவியும் நல்ல பையன்தான், எங்களைவிடச் சின்னவர்களுக்கும் முதலில் சலாம் சொல்வார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கமிட்டி உட்கார்ந்தபோது நான் திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"மயக்கம் தர்ற பொருள்," என்றார் மௌலவி. "நாம குடிக்கலைன்னாலும், பள்ளிவாசல் பேர்ல கொண்டுபோய்க் கொடுக்கலாமா? நாளைக்கு அல்லா கேட்டா என்ன சொல்றது?"

"அப்ப வெறுங்கையோடவா போறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெறுங்கை எதுக்கு? ஒரு மூட்டை மாவு, பெரிய டின் பிஸ்கட்டு. லெட்டரை நல்லா டைப் பண்ணி முத்திரை போட்டுடுவோம்," என்றார் ஷம்ஷாத் அலி. "அவரும் படிச்ச மனுஷன்தானே. நீங்க என்ன சொல்றீங்க தைய்யப் பாய்?"

அப்பா வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "நீங்க பார்த்துச் செஞ்சா சரிதான் பாய்."

வீட்டில் அம்மா விடவில்லை. "வாய்ல என்ன பூட்டா போட்டிருந்தீங்க? அவங்க நாட்டு மரியாதை உங்களுக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பனும் மகளும் ஒரே அச்சு" என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் எழுந்து படி என்றால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

மறுவாரம் வேனில் போனோம். அம்மா கொடுத்த சேமியாச் சட்டி என் மடியில் இருந்தது. கிராமத்துக் கூடத்தில் புதுப் பாய் விரித்து, யங்கோனா கரைக்கும் மரக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சகேயாசி மோமோ இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, சூலு வேட்டி கட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஷம்ஷாத் அலி மாவு மூட்டையை வைத்தார், டின்னை வைத்தார், கடிதத்தை விரித்து நிதானமாகப் படித்தார். மோமோ கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தார். அப்பா கைகளை மடியில் வைத்திருந்தார்.

மோமோவின் மகள் மெரெயோனி என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "நஜ்மு, வேர் எங்கடி? வண்டியிலயே மறந்துட்டாங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இல்லவே இல்லையா? அப்பா காலைல இருந்து சட்டையக் கசங்க விடாம உட்கார்ந்திருக்காரு. போய் உங்கப்பா காதுல சொல்லு. கடை பக்கத்துலதான் இருக்கு."

பத்தடி தூரம்தான். ஆண்கள் எல்லோரையும் தாண்டிப் போக வேண்டும். நான் சேமியாச் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

"இந்த வருஷம் மழை தள்ளிப்போகுது," என்றார் மோமோ.

"ஆமாங்கய்யா," என்றார் ஷம்ஷாத் அலி.

அதன்பிறகு கரும்பாலை எப்போது மூடும், பையன்கள் ரக்பியில் ஏன் தோற்றார்கள் என்றெல்லாம் பேசினார்கள். மீனும் மரவள்ளிக்கிழங்கும் வந்தன. குத்தகை பற்றி மோமோ வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது ஷம்ஷாத் அலிக்கு ஒரே சந்தோஷம். "எவ்வளவு அன்பா பேசினாரு பார்த்தீங்களா! ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலையே!"

"சம்மதிச்சும் ஒரு வார்த்தை சொல்லலையே பாய்," என்றார் அப்பா. வேன் சத்தத்தில் அது பின் இருக்கையில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து மெரெயோனி எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவள் குடத்தை நிரப்பாமல் நின்றாள்.

"நாளைக்கு அவங்களே வர்றாங்க. வேரோட."

"எதுக்கு?"

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு அப்பா நெனச்சுட்டாரு. மன்னிப்புக் கேக்க வர்றாங்க. யாராச்சும் அந்தக் கட்டைத் தொட்டுக் கையத் தட்டினாப் போதும் நஜ்மு. எங்க பெரியப்பா மகன் லாரி நிறுத்த இந்த இடத்தைக் கேட்டு அரிக்கிறான். நீங்க தொட்டுட்டா அப்பா அவன் வாயை அடைச்சுடுவாரு. தொடலைன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிடுவேதானே?"

சொன்னேன். அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றார் அம்மா.

"வரட்டும், டீ போடுங்கன்னாரு."

"வேர் விஷயம் சொன்னீங்களா?"

"மௌலவியும் பக்கத்துல இருந்தாரு," என்றார் அப்பா.

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் எட்டுப் பேர் வந்தார்கள். வராந்தாவுக்குக் கீழே செருப்பைக் கழற்றி, குனிந்தபடியே ஏறி, தரையில் உட்கார்ந்தார்கள். மோமோவுக்காகப் பேசுகிறவர் கிழவர் வைசாலே. அவர் கையில் செய்தித்தாள் சுற்றிய கட்டு, சிவப்பு ரிப்பன். எங்கள் காதிர் சாச்சா கட்டுகிற மாதிரியே.

"நீங்க எங்க வீட்டுக்குக் கையை மூடிக்கிட்டு வந்தீங்க," என்றார் வைசாலே. "நாங்க ஏதோ தப்புப் பண்ணியிருக்கோம். என்ன தப்புன்னு ஊரே உட்கார்ந்து யோசிச்சோம். போன வருஷம் எங்க பன்னி உங்க கபர்ஸ்தான் வேலிகிட்ட வந்துச்சே, அதுவா? நோன்பு நேரத்துல எங்க பையனுங்க பாட்டுப் போட்டாங்களே, அதுவா? எதுவா இருந்தாலும் தலை குனியறோம். இதை ஏத்துக்குங்க."

கட்டை ஷம்ஷாத் அலியின் முன்னால் வைத்தார். எட்டுப் பேரும் தலையைக் குனிந்தார்கள்.

ஷம்ஷாத் அலி மௌலவியைப் பார்த்தார். மௌலவி தரையைப் பார்த்துக்கொண்டு, "வராந்தாவும் பள்ளிவாசல்தானே" என்று மெதுவாகச் சொன்னார்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லைங்கய்யா," என்றார் ஷம்ஷாத் அலி. மனதாரத்தான் சொன்னார். "உங்க அன்பே போதும். இதை மட்டும் தயவுசெஞ்சு வெளியே வச்சிடுங்க. டீ சாப்பிடுங்க."

வைத்த வேரைத் திரும்ப எடுக்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. யாரும் அசையவில்லை. அப்பா கட்டிலிருந்து மூன்று முழம் தள்ளி, தேநீர்த் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டைக் கீழே வைத்தார். அவருடைய இரண்டு கைகளும் குழிந்து மடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்தன. தலைவரைப் பார்த்தார், மௌலவியைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் என் கைகளும் குழிந்துதான் இருந்தன. பெண்பிள்ளை தட்டினால் கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருமா வராதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் மோமோ எழுந்தார். "டீ ஆறிடுச்சு தைய்யப்," என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார்.

அவர்கள் கரும்புக்குள் மறைந்த பிறகு ஷம்ஷாத் அலி, "தைய்யப் பாய், அதைக் கொஞ்சம் குழாய்கிட்ட எடுத்து வச்சிடுங்க" என்றார். அப்பா குனிந்து, இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு குழந்தையை எடுப்பதுபோலத்தான் எடுத்தார். பார்க்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

நவம்பரில் அலுவலகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. வகையறா நிலத்தைத் தன் தேவைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஷம்ஷாத் அலி வக்கீலைப் பார்த்தார். வக்கீல், சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மௌலவி துஆ கேட்கும்போது அழுதார்.

டிசம்பர் முதல் வாரம் மெரெயோனி சொன்ன லாரிக்காரன் அளவு நாடாவோடு வந்தான். அவனோடு மோமோவும் வந்தார். நாடாவைப் பிடிக்காமல் நேராகக் குழாயடிக்கு வந்தார். அங்கே கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வேர்க்கட்டு நனையாமல் இருந்தது. ரிப்பன் மட்டும் வெளுத்திருந்தது.

"யாரு மூடி வச்சது?"

"நான்தான்," என்றார் அப்பா.

"அன்னிக்கே தட்டியிருக்கலாமே தைய்யப்."

"நான் வெறும் மோதினார்தானே சகேயாசி."

"நானும் எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்தான். நிலத்தைத் திரும்ப எடுக்கணும்னு எல்லாரும் கையைத் தூக்கினப்புறம் நான் எதைச் சொல்லித் தடுக்கறது? நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்லையே." அவர் வாளியை முன்பு இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தார். "அடுத்த புயலுக்கு நம்ம புள்ளைங்க எங்க போறதுன்னு என் பொஞ்சாதி கேக்கறா."

அப்பா சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். அஸர் நேரம். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பாங்கு முடியும்வரை மோமோ எப்போதும்போலத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடியிலேயே நின்றார். வராந்தாவின் நீளத்தை லாரிக்காரன் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தான்.