காது வரும் வருஷம்

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஆற்றோரம் குடியிருக்கும் தங்கதுரையின் மனைவி செந்தமிழ்ச்செல்வி பதினோரு வருஷமாக முழுகாமல் இருக்கிறாள். இந்தச் சித்திரையில்தான் ஐந்தாம் மாதம் பிறந்தது. மற்றவர்கள் வயிற்றில் ஒரு வாரத்தில் வளர்வதை அவள் வயிற்றுப் பிள்ளை ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு வளர்கிறது. மசக்கை மட்டும் ஆறு வருஷம் நீடித்தது. அந்த ஆறு வருஷமும் வீட்டில் வெங்காயம் தாளிக்கவில்லை. அவளோடு அதே மாதம் உண்டான எதிர்வீட்டுக்காரியின் மகன் ஆகாஷ் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஊர் முதல் வருஷம் வாயைப் பிளந்தது, இரண்டாம் வருஷம் வம்பு பேசியது, மூன்றாம் வருஷம் கரும்பு வெட்டப் போய்விட்டது. கிராம நர்ஸ் பாரதிக்குத்தான் தலைவலி. அவளுடைய கம்ப்யூட்டர் பத்து மாதத்துக்கு மேல் எந்தக் கர்ப்பத்தையும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் வருஷாவருஷம் புதிதாகப் பதிந்து, புதிய நம்பர் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள்.

இது இப்படி ஆனதற்குக் காரணம் தங்கதுரை. குறைந்தபட்சம் தங்கதுரை அப்படித்தான் நம்புகிறான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு நாலு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில், திரௌபதி அம்மன் தீமிதியில் கரகத்துக்கு அடுத்தபடியாகக் குண்டத்தில் இறங்கும் முறை அவனுக்கு வந்தது. அவன் அப்பா முப்பது வருஷம் இறங்கிய முறை அது. அவர் செத்த பிறகு, பங்காளிகள் அதைத் தட்டிக்கொண்டு போகக் காத்திருந்தார்கள். காப்புக் கட்டியவன் வீட்டில் பத்து நாளைக்குத் தீட்டு ஆகக் கூடாது. மனைவிக்கு நாள் நெருங்குகிறது என்று இவன் ஒரு கணக்குப் போட்டான். திருவிழா வந்தால் ஊர்ப் பெண்கள் தீட்டைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம்தான். செந்தமிழ் மட்டும் தன் உடம்புக்கு அது ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தாள். அதனால் தங்கதுரை அதை மருந்துக்கடையில் வாங்கி, அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, சத்து மாத்திரை என்று சொல்லி வேளைக்கு ஒன்றாக அவள் கையில் கொடுத்தான். அவளும் பத்து நாளும் விழுங்கினாள்.

அவளும் ஒன்றை மறைத்திருந்தாள். நாள் ஏற்கனவே தள்ளிப்போய், ஏழாவது வாரம் நடப்பது அவளுக்குத் தெரியும். மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் தீ மிதிக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. சொன்னால் அவன் முறை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். தீமிதி முடிந்த மறுநாள், கொப்பளம் கூட இல்லாத அவன் காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள். தங்கதுரை காலை இழுத்துக்கொண்டான். மாத்திரை விஷயத்தை அவனும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளை வளரவில்லை என்று தெரிந்தபோது, அம்மனுக்கு மறைத்த பாவம் தன்னைப் பிடித்துவிட்டது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அந்தக் காரணம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அவன் அதில் ஒண்டிக்கொண்டான்.

ஏழு வருஷம் அவள் வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தாள், ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றினாள். ஆடிக்கு ஆடி கள்ளக்குறிச்சியில் பஸ் பிடித்து வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து செருப்பில்லாமல் ஒரு மலைக்கோயிலுக்கு ஏறினாள். ஒவ்வொரு தடவையும் தங்கதுரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். ஏழாவது ஆடியில் அவள் அங்கே மண்சோறு சாப்பிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுந்தரையில் கொட்டிய சோற்றைக் குனிந்து வாயால் எடுத்தாள். சோற்றோடு வந்த கல்லைக் கூடத் துப்பாமல் மென்றாள். அந்த நறநற சத்தம்தான் அவனை உடைத்தது.

“ஏந்திரு செந்தமிழு. தப்பு உம்மேல இல்ல. அன்னிக்கி நான் குடுத்தது சத்து மாத்திர இல்ல. தீட்டத் தள்ளிப்போடற மாத்திர.”

அவள் நிமிர்ந்தாள். கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தது. அதுவரை அவனை நீங்க, வாங்க என்றே பேசியவள் அவள்.

“ஏழு வருசமா நான் வுழுந்து வுழுந்து மன்னிப்பு கேட்டுக்கினு கெடந்தேன். நீ பைய தூக்கிக்கினு பின்னாடி நின்னுக்கினு இருந்த. அப்பல்லாம் இன்னா நெனச்சிக்கினு இருந்த?”

மலையிறங்கும் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் வயிற்றைத் தொட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “எங்கிட்ட சொன்னா பத்தாது. அதுக்குக் காது வரட்டும். அதுங்கிட்டயும் நீயே சொல்லு.” அதன் பிறகு எந்த மாத்திரையானாலும் அட்டையைத் தானே வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள். வெள்ளிக்கிழமைப் பட்டினியை விட்டாள். உடம்பு கொஞ்சம் தேறியது. அந்த மாத்திரைக்கு இப்படியெல்லாம் செய்யும் சக்தி கிடையாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா அடித்துச் சொன்னார். அந்த ஆறுதல் தங்கதுரையிடம் ஒரு நாள் கூடத் தங்கவில்லை.

பதினெட்டு வாரம் ஆனால் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கும் என்றாள் பாரதி. அப்போது பதினாலாவது வாரம் நடந்தது. ஆக, அவனுக்கு நாலு வருஷம் இருந்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தனியாகச் சொல்லிப் பார்த்தான். முதல் வருஷம் சொன்னதில் அப்பா இருந்தார், பங்காளிகள் இருந்தார்கள், ஊர்க் கட்டு இருந்தது. அடுத்த வருஷம் பங்காளிகளைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் அப்பாவும் உதிர்ந்தார். நாலாவது வருஷம் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது.

போன வாரம் ஸ்கேன் பார்த்தார்கள். காது வந்துவிட்டது, கேட்கும் என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் செந்தமிழ் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றிலிருந்து முந்தானையை விலக்கிவிட்டு, “வந்து சொல்லு” என்றாள். தங்கதுரை கீழே மண்டி போட்டான்.

“உங்கம்மாவ ஏமாத்தி மாத்திர குடுத்தது நாந்தான், பழிய அவ மேல போட்டுட்டு சும்மா இருந்ததும் நாந்தான்.”

உள்ளே ஏதோ புரண்டது. பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் அசைவு. செந்தமிழ் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

“கேட்டுச்சு. திரும்பிக்கிச்சு.”

“எந்தப் பக்கம்?”

“முதுகக் காட்டிக்கினு கெடக்குது.”

அவன் தலையாட்டினான். பிறப்பதற்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து அதன் முதுகோடு பேசுகிறான். ஆற்றில் தண்ணீர் வந்ததைச் சொல்கிறான், கரும்பு சாய்ந்ததைச் சொல்கிறான், கடைசியில் அந்த ஒரு வரியையும் சொல்கிறான். நேற்று அவன் வந்து நின்றபோது, செந்தமிழ் கட்டிலில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.