சிலுவை போட்ட ரம்பம்

எங்கள் வீட்டு ரம்பங்கள் இரண்டின் கைப்பிடியிலும் சிலுவை இருக்கும். தச்சரான சூசையப்பரின் திருநாளில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்ததும் என் கணவர் சேவியர்ராஜ் கம்பியைக் காய்ச்சிப் போட்ட சூடு அது. அந்தச் சிலுவைதான் அவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது.

எண்பத்தேழு, புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ஊரூராக மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். "வூட்டுக்கு ஒரு உத்திரம் அறுக்கணும் அண்ணி" என்று சொல்லித்தான் தீனதயாளன் ரம்பத்தை வாங்கிப் போனான். சின்ன வயதிலிருந்து என் கணவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். எப்படிச் சந்தேகப்படுவேன்? வடக்கனந்தல் ரோட்டுப் புளியமரத்தைச் சாய்த்துவிட்டு, ரம்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். மறுநாள் போலீஸ் அவனைப் பிடித்து, "யாரோட ரம்பம்டா?" என்று கேட்டபோது, "சேவியர்ராஜோடது" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான், அவனை விட்டுவிட்டார்கள். பொய் சொல்லவில்லையாம்! என் கணவர் அன்றைக்குக் கல்வராயன் மலையில் பலாமரம் அறுத்துக்கொண்டிருந்தார். மலையிறங்கி வந்தவரை வாசலிலேயே பிடித்துப் போனார்கள்.

ஜீப்பில் ஏறும்போது, "ஆண்டவருக்குத் தெரியும் மேரி" என்றார். ஆண்டவருக்குத் தெரிந்து என்ன, இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டாமா? அன்றிலிருந்து செபமாலையைக் கையில் எடுத்தால் எனக்குச் செபம் வரவில்லை, சண்டைதான் வந்தது.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் தீனதயாளன் வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் அவனுடைய மாட்டு வண்டி, உள்ளே அவன் பெண்டாட்டி.

"மணிமொழிக்கு வலி எடுத்துடுச்சி அண்ணி. கொழந்த குறுக்கால கெடக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவ வழியில்ல."

"இன்னாத்துக்கு வழியில்ல?"

வழியை அடைத்துக் கிடந்தது அவன் சாய்த்த மரம்தான். தன்வினை தன்னைச் சுடும் என்று சொல்லிக் கதவைச் சாத்த எனக்கு ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் வண்டிக்குள்ளிருந்து மணிமொழி கத்தினாள். "இதுக்கும் என்னைத்தான் பாத்தீரா ஆண்டவரே" என்று திட்டிக்கொண்டே மிச்சமிருந்த ரம்பத்தை எடுத்தேன்.

வண்டியோடு மரம் கிடந்த இடத்துக்குப் போனோம். அடிமரத்தை அறுக்க ஒரு நாள் ஆகும். நுனிப் பக்கம் ஒரு கிளையை எடுத்தால் வண்டி நுழைந்துவிடும். ஊர் ஆண்கள் எல்லாரும் போலீசுக்குப் பயந்து கரும்புக்கொல்லையில் கிடந்தார்கள். ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான். என் கணவரோடு இழுத்துப் பழகிய கை. காட்டிக்கொடுத்தவனோடு இழுத்தபோதும் ரம்பம் நேராகத்தான் போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே இழுத்தேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அடிக்கு பயந்துட்டேன் அண்ணி."

கிளை விழவும், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து மரங்களை அகற்றிக்கொண்டே வந்த போலீஸ் ஜீப் நிற்கவும் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி ரம்பத்தின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் சிலுவை. யாரோடதுடா இது?"

அதே கேள்வி. மறுபடியும் அவன் எங்கள் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால், நானும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். தீனதயாளன் வண்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ரம்பம் அவங்களோடது சார். மரத்த சாச்சது நான். சேவியர் அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

அவன் கன்னத்தில் விழுந்த அறையில் மாடுகள் மிரண்டன. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"எங்கூட்டுக்காரர எப்ப சார் வுடுவீங்க?"

"அதெல்லாம் கோர்ட்ல போயிக் கேளு" என்றார் இன்ஸ்பெக்டர். ஜீப் வடக்கனந்தல் பக்கம் போய்விட்டது.

வண்டியை ஓட்ட ஆளில்லை. புருஷனைக் கேட்டு அழுதவள் கையில் ஆண்டவர், காட்டிக்கொடுத்தவனின் பெண்டாட்டியைக் கொடுத்திருந்தார். அவருடைய கணக்கு எனக்கு விளங்கவில்லை. கோபமும் தீரவில்லை. இருந்தாலும், "நீர் பாத்துக்கும்" என்று முணுமுணுத்தபடி ஏறிக் கயிற்றைப் பிடித்தேன்.

"அவர எங்க கூட்டிக்கினு போறாங்க அக்கா?" என்றாள் மணிமொழி, வலியோடு.

"எங்கூட்டுக்காரரு இருக்குற எடத்துக்குதான். நீ கெட்டியா புடிச்சிக்கினு படு" என்று சொல்லி மாட்டை விரட்டினேன்.