இரண்டு பக்கமும் ஏணி

1

இந்தக் கதை மின்வெட்டில் பிறந்தது. மலேசியாவின் கோத்தா கினபாலுவில் அது பெருமையல்ல. என் தம்பிகூட மின்வெட்டில்தான் பிறந்தான்.

தொடக்க வரிகள் சில எழுதிப் பார்த்தேன்.

‘மழை பெய்துகொண்டிருந்தது.’ (சபாவில் இது செய்தியே அல்ல.)

‘ஜோவிதா டூலிஸ் கலங்கிய கண்களோடு பிப்பெட்டை’ (அவர் கலங்கி யாரும் பார்த்ததில்லை. நிறுத்திவிட்டேன்.)

‘இரண்டு குழாய்கள் இருந்தன.’ இது உண்மை. இது இருக்கட்டும்.

2

வனவிலங்கு ஆய்வகம். நான் அங்கே கல்லூரி ஆய்வேட்டுக்காக ஒட்டிக்கொண்டிருந்தவன். ஜோவிதா அக்கா அங்கே வேலை பார்ப்பவர்.

ஒரு குழாயில் இருந்தது கடலோர ஓட்டல்காரர் ஒருவரின் குளிர்பெட்டிக் கறியிலிருந்து பிரித்த டி.என்.ஏ. மற்றதில், தம்புனான் மலையில் கிம்பாங் என்கிற கிழவர் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த கறியினுடையது. இருவரும் சொன்னது ஒன்றே: “சந்தையில வாங்கின மாட்டுக்கறி.” அதிகாரிகளின் சந்தேகம், தெம்படாவ் என்கிற காட்டு மாடு. அதைக் கொன்றால் சிறை.

எந்த மாடு என்று சொல்வது பெரிய சோதனை. அதற்கு முன் டி.என்.ஏ. உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காததை நீதிமன்றம் ஏற்காது. ஒரு துளியை ஜெல் பாளத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். நல்லதென்றால் மேலே கூரான ஒரு கோடு. உடைந்ததென்றால் அழுத கண்ணின் மை போலக் கீழ்வரை வழியும்.

குழாய்க்கு இரண்டே துளி. ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று சோதனைக்கு. கறி தீர்ந்துவிட்டது.*

* பார்ப்பதற்கே பாதி செலவு. இந்தக் கதையை விடுதி நண்பர்களிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது மீதிப் பாதியைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

3

அளவு பார்ப்பதற்காகப் பாளத்தின் ஓரத்தில் ஓடவிடும் கோடுகளை ஏணி என்போம். ஒரு ஓரம் போதும். எங்கள் இயக்குநர் டாக்டர் ரோஸ்மான் படங்களைச் சுவரில் மாட்டுபவர். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருந்தால்தான் அவருக்கு அழகு. ஆகவே எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பக்கமும் ஏணி.

ஓட்டி முடித்த பாளத்தைப் படமெடுக்க அக்கா எடுத்துப் போகையில் மின்சாரம் போனது. பாளம் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. அது கண்ணாடி போன்றது. முன்புறம், பின்புறம் தெரியாது; புரண்டால் இடது வலதாகிவிடும். விளக்கு வந்ததும் படமெடுத்தோம். ஏணி, கூரான கோடு, வழிந்த மை, ஏணி.

“அக்கா, அந்தக் கோடு யாரோடது?”

“பாளம் புரளலன்னா கிம்பாங்கோடது.”

“புரண்டிருந்தா?”

“ஓட்டல்காரரோடது. காலையில சாப்டலயாடா? மூளை நடந்துதான் வருது.”

“புகையில காஞ்ச கறி இவ்ளோ சுத்தமா கோடு குடுக்குமா?”

“கரண்டு போய்ப் போய் வர்ற பெட்டியில கெடந்த கறி மட்டும் குடுக்குமா?”

டாக்டர் எட்டிப் பார்த்தார். “அருமையா வந்திருக்கே. பெரிசா ஒன்னு அச்சடிங்க.”

4

(இங்கே கொஞ்சம் கணக்கு. பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆனால் முடிவில் மாட்டிக்கொள்வீர்கள்.)

வழி ஒன்றே. ஒரு குழாயின் கடைசித் துளியைப் பாளத்தில் விட்டு மறுபடி பார்ப்பது. அது வழிந்தால், நல்லது மற்றது. அந்த மற்றதன் துளி பத்திரமாக இருக்கிறது, சோதனைக்குப் போகும். அது கோடாக நின்றால், நல்லதையே செலவழித்துவிட்டோம். வழக்கு முடிந்தது, இருவரும் வீட்டுக்குப் போகலாம்.

எப்படியானாலும் யாருடைய துளியை எடுக்கிறோமோ, அவர் தப்பினார்.

5

முதல் வரைவில் ஜோவிதா அக்காவைக் கிம்பாங்கின் உறவுக்காரியாக வைத்திருந்தேன். மலிவாகத் தெரிந்தது, நீக்கினேன். நீக்கியதும் அவரே வாயைத் திறந்தார்.

“போன அறுவடைத் திருவிழாவுக்கு அவர் வீட்ல சாப்டேன்டா.”

“என்ன கறி?”

“விருந்துக்குப் போன வீட்ல என்ன கறின்னு கேக்கற வழக்கம் எங்க ஊர்ல இல்ல.”

“ருசியா இருந்துச்சா?”

“ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்டேன்.”

பிறகு ஐஸில் நின்ற குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிம்பாங்கோடத எடுத்தா, தின்ன கறிக்கு நன்றி காட்டினதா ஆயிடும். ஓட்டல்காரரோடத எடுத்தா, நான் நேர்மையானவள்னு காட்ட ஒரு கிழவரை மாட்டிவிட்டதா ஆயிடும். நீ எடுடா. உனக்கு ரெண்டு பேரையும் தெரியாது.”

6

முடிவு அ: நான் கிம்பாங்கின் குழாயை எடுக்கிறேன். அது வழிகிறது. ஓட்டல்காரர் (கைதட்டல் கேட்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு ஆ: ஓட்டல்காரருடையதை எடுக்கிறேன். மலையில் ஒரு அடுப்பு அணைகி (இதில் எல்லாரும் அழுவார்கள். அதைவிட மோசம்.)

எனக்கு இருவரையும் தெரியாதுதான். ஆனால் கதையைத் தெரியும். எந்தத் துளி கதைக்கு ருசியோ அதைத்தான் என் கை எடுக்கும். கறியைத் தின்றது அக்கா. பசியோடு இருப்பது நான்.

இங்கே சாப்பிடாதவர் நீங்கள் ஒருவர்தான்.

அக்கா புதுப் பாளம் வைத்துவிட்டார். இந்த முறை ஏணி ஒரு பக்கம் மட்டும். டாக்டருக்குப் பிடிக்காது. ஐஸ் உருகுகிறது. அக்கா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டில் ஒரு குழாயை எடுத்து அந்தக் கையில் வையுங்கள்.